நாற்பது குதிரை

உள்துறைமுக வீதியில் கரண்ட் போய்
ஒரு மணித்தியாலம்.
லாபீரின் சாப்பாட்டுக்கடைப் பெற்றோல்மக்ஸ் மட்டும்
மழைக்குள் இளைத்துக்கொண்டிருந்தது.
என் பட்டறைக் கதவை அவள் தட்டவில்லை.
தட்டுகிறவர்களுக்குத் தயக்கம் இருக்கும்.

"எஞ்சின் திருத்துறனீங்களோ?"
"பகலில எஞ்சின். இரவில பொய்யும் திருத்துவன்."
"எது விலை கூட?"
"பொய். அதுக்குச் சாமான் கிடைக்காது."

சிரிக்கவில்லை. குடையை மடக்கினாள்,
கத்தியை உறையில் போடுவதுபோல.
ஓட்டோவைத் தானே ஓட்டி வந்திருந்தாள்.
பின்சீற்றில் சாக்குச் சுற்றி
ஒரு நாற்பது குதிரை.
உப்பு இன்னும் காயவில்லை.
இலக்கம் இருந்த இடத்தில் அரம் தேய்த்த தடம்,
பல்லி வயிறுபோலப் புதுசாய், வெளிறி.

"ஆற்ற?"
"என்ர மனிசன்ர."
"அவர் எங்க?"
"கடலில."
"தொழிலுக்கோ?"
"இல்லை. கடலில."

இரண்டாம் தரம் சொன்னபோது
அந்தச் சொல்லுக்கு ஆழம் வந்திருந்தது.
இந்தத் துறைமுகம் அப்படி.
யுத்தக் கப்பலையே மறைத்து வைக்கும்.
எஸ்தாக்கி ஐந்தரை அடி.

அவனை எனக்குத் தெரியும். கரையில்
பாதிப்பேருக்கு அவன் கடன்காரன்,
மீதிப்பேர் அவனுக்குக் கதவைப் பூட்டுவார்கள்.
அவளின் கழுத்தில் மஞ்சளாகிப்போன ஒரு கன்றல்.
நான் கேட்கவில்லை. அவள் மறைக்கவில்லை.
அன்றிரவு நாங்கள் கதைத்த உண்மை
அவ்வளவுதான்.

"புது நம்பர் ஒண்டு அடிச்சுத் தருவீரோ?"
நீங்களாக இருந்தவன் நீர் ஆகிவிட்டேன்.
மழை நாளில் எல்லாமே நீராவது வழமை.

"பொலிஸ் கேட்டா?"
"பாத்ததில்லை எண்டு சொல்லும்."
"எனக்குக் கண் தெரியும் எண்டு ஊருக்கே தெரியும்."
"அப்ப கண்ணுக்கும் சேத்துத் தாறன்."

மேசையில் ஒரு கட்டு வைத்தாள்.
மீன் மணக்காத காசு.
இந்தக் கரையில் அதைவிடச் சந்தேகமான பொருள்
வேறில்லை.
லாச்சியைத் திறந்தேன். பழைய பற்றுச்சீட்டு:
நான் அவனுக்கு விற்ற திகதி,
பழைய இலக்கம், அவனுடைய கோணல் கையெழுத்து.

"எரிச்சுப்போடும்."
"நெருப்புக்கு வெளிச்சம் வரும்."

வாசலில் மழைக்கு ஒதுங்கி ஒரு கலைமான்.
இந்த ஊர் மான்களுக்குக் காகிதம் பழக்கம்.
லொத்தர்ச்சீட்டு, திருவிழா நோட்டீஸ்,
மரண அறிவித்தல், எல்லாம் ஒரே ருசி.
அவள் சீட்டை வாங்கி நீட்டினாள்.
அது அவசரமில்லாமல் தின்றது,
திகதியில் தொடங்கி.

"இனி அது கதைக்காது."
"நான் கதைச்சா?"
"நீ கதைக்க மாட்டாய்."

நீரிலிருந்து ஒரு மெய்யெழுத்தைக் கழற்றிவிட்டாள்.
கைத்துப்பாக்கி தேவைப்படவில்லை.
ஓரெழுத்து. கிட்ட நின்று.

விடியும்வரை அடித்தேன்.
ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சுத்தியல்.
எட்டுகள் எனக்கு எப்பவும் கொஞ்சம்
இடப்பக்கம் சாயும்; சாய்ந்தன.
நிமிர்ந்தபோது ஓட்டோ இல்லை,
குடை இல்லை, காசுக்கட்டும் இல்லை.
எஞ்சின் இருந்தது.

ஏழு மணிக்கு சார்ஜன்ட் ஹேரத் வந்தார்,
லாபீரின் பிளேன்டீயைக் கையோடு கொண்டு.

"பொம்பிளை ஒண்டு வந்ததா?"
"மழை வந்தது."
"மழையைக் கேக்க இல்லை."
"நான் அதைத்தான் பாத்தன்."

டோர்ச் மேசைக்குக் கீழே போய் நின்றது.

"அப்ப இது யாருடைய எஞ்சின்?"

வீதியின் அந்தப்பக்கம் மான்
வாயை அசைத்துக்கொண்டே என்னைப் பார்த்தது.

"என்ர," என்றேன்.

அவர் கொப்பியைத் திறந்து குனிந்து
இலக்கத்தைப் பார்த்து எழுதினார்.
எட்டு வந்த இடத்தில் பேனையை நிறுத்தி,
என் விலைப்பலகையை நிமிர்ந்து பார்த்தார்.
அதில் இரண்டு எட்டு.